கேசட்டைத் திறந்து பார்த்ததுண்டா?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? பழைய பித்தளைப் பானை, தொட்டில் கம்பி, மாமாவின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் இவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பெட்டி கிடக்கலாம். அதன் மேற்புறத்தில் ஒரு நீண்ட பிளவு இருக்கும். அதிலிருந்து வயரோடு இரண்டு கைப்பிடிகள் தொங்கும். கூடவே மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களில் உள்ளங்கை அளவுள்ள சில தட்டையான பெட்டிகள் இருந்தால் இன்னும் நல்லது. அவற்றை நாங்கள் 'கேசட்' என்று சொல்வோம். 1990களில் பள்ளியில் படித்தவர்களைக் கேளுங்கள், உடனே முகம் மலர்ந்து 'வீடியோ கேம்!' என்பார்கள்.

அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள் என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது. எடுத்துத் துடைத்து வையுங்கள். அடுத்த வீட்டில் ஒன்று இருந்தால் கேட்டு வாங்குங்கள். காயலான் கடையில் கண்டாலும் விடாதீர்கள். (காயலான் கடை என்ற பெயரே நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்று சொல்வார்கள். அப்படியானால் பழைய பொருளுக்கும் நமக்கும் உறவு நெடுநாளையது!)

'ஐயா, அந்த விளையாட்டுகள் எல்லாம் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே, பெட்டி எதற்கு?' என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். விளையாட மட்டும் வேண்டுமென்றால் பெட்டி வேண்டியதில்லை. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாடி முடித்த பிறகும் அந்தப் பெட்டியிடம் கேட்க வேண்டியவை ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்குக் கைப்பேசி விடை சொல்லாது.

முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம். தொடக்க கால வீட்டு விளையாட்டுக் கருவிகளில், பெட்டிக்குள் என்ன விளையாட்டு அமைத்தார்களோ அதைத்தான் ஆட முடியும். விளையாட்டைத் தனியாக ஒரு நினைவகச் சில்லில் எழுதி, கழற்றி மாட்டும் கேசட்டாக விற்கும் முறை 1976இல் அமெரிக்காவில் ஃபேர்சைல்டு சேனல் எஃப் என்னும் கருவியோடு கடைக்கு வந்தது. அந்தப் பொறியியல் பணிக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர். 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபாமிகாம்' என்ற பெட்டியை வெளியிட்டது. உங்கள் பரணில் இருப்பது பெரும்பாலும் இதன் நகல்தான். ஆசியத் தொழிற்சாலைகள் இதைப் பார்த்து எண்ணற்ற நகல்களைச் செய்து குவித்தன. ரஷ்யாவில் அதற்கு 'டெண்டி' என்று பெயர், போலந்தில் 'பெகாசஸ்'. நம் நாட்டில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்கள். வீட்டில் வாங்க வசதியில்லாதவர்கள் தெருமுனைக் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடினார்கள்.

இந்தப் பெட்டியை டிவியில் இணைப்பதற்கு ஆண்டெனா வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதன் வயரைச் செருக வேண்டும். பிறகு டிவியின் குமிழைத் திருகித் திருகி அலைவரிசையைப் பிடிக்க வேண்டும். எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இது கைவந்த கலை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பு தொடங்கியதும் மொட்டை மாடியில் உயரமாக ஆண்டெனா கட்டி அதைப் பிடித்துப் பழகியவர்கள் அல்லவா! இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து வரும் அலைக்கும் இந்தப் பெட்டியிலிருந்து வரும் அலைக்கும் டிவி வேறுபாடு பார்ப்பதில்லை. பெட்டிக்குள்ளே ஒரு சின்னஞ்சிறு ஒளிபரப்பு நிலையம் இருக்கிறது. அதன் எல்லை ஒரு வயரின் நீளம், அவ்வளவுதான்.

சரி, ஒரு கேசட்டைத் திறப்போம். சிறிய திருப்புளி ஒன்று போதும். உள்ளே பச்சை அல்லது பழுப்பு நிற அட்டை ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் சீப்பின் பற்களைப்போல உலோகக் கோடுகள் வரிசையாக இருக்கும். எண்ணிப் பாருங்கள்: ஒரு பக்கம் 30, மறுபக்கம் 30, ஆக மொத்தம் 60. நடுவில் கால்கள் முளைத்த கறுப்புச் சில்லுகள் இருந்தால் அது சற்றுப் பழைய கேசட். சில்லே இல்லாமல், தார் சொட்டியதுபோல் ஒரு கறுப்பு உருண்டை மட்டும் இருந்தால், செலவைக் குறைப்பதற்காகச் சில்லை உறையின்றி நேராக அட்டையில் ஒட்டி அதன்மேல் எப்பாக்சிப் பிசின் ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரே விளையாட்டின் இரண்டு கேசட்டுகள் கிடைத்து, ஒன்றில் சில்லும் மற்றொன்றில் உருண்டையும் இருந்தால், ஒரு பொருள் எப்படிப் படிப்படியாக மலிந்தது என்பதை உங்கள் மேசைமேலேயே பார்க்கலாம். ஒரு கேசட்டால் இது தெரியாது, இரண்டு வேண்டும். சேகரிப்பவருக்கு மட்டும் கிட்டும் அறிவு இது.

கணக்கில் விருப்பமுள்ளவர்களுக்கு இதில் நல்ல தீனி உண்டு. 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. அதில் 32 கிலோபைட் நிரலுக்கு, மீதி 8 கிலோபைட் படங்களுக்கு. படங்கள் எல்லாம் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகளாக இருக்கும். ஒரு புள்ளிக்கு 2 பிட் வீதம் ஓர் ஓட்டுக்கு 16 பைட். ஆக 8 கிலோபைட்டில் 512 ஓடுகள்தான். இந்த 512 ஓடுகளை வைத்து வானம், பூமி, கோட்டை, கடல், காளான் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? மேகத்துக்கு வரைந்த படத்தையே நிறம் மாற்றித் தரையில் வைத்துப் புதராக்கிவிட்டார்கள்! அடுத்த முறை பாருங்கள், வெள்ளைப் புதர் மேலே மிதக்கும், பச்சை மேகம் கீழே நிற்கும். உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் 3,000 கிலோபைட் என்றால், அந்த ஒரு படத்தின் இடத்தில் 75 மரியோக்களை அடுக்கலாம்.

இன்னொரு வேடிக்கை, '9999 இன் 1' என்று மேலே அச்சிட்ட கேசட்டுகள். ஒரு கேசட்டில் 9,999 விளையாட்டுகளா? இருக்காது. பட்டியலை ஒழுங்காக ஆராய்ந்தால் சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வேறு பெயர்களில், வேறு கட்டங்களிலிருந்து தொடங்குமாறு வைக்கப்பட்டிருப்பது தெரியும். முதல் 100 எண்களை ஆடிப் பார்த்து, எது எதன் மறுபிறவி என்று ஓர் அட்டவணை போடுங்கள். 9,999 வரை எண்ணிட இருமக் கணக்கில் 14 இலக்கங்கள் போதும் என்பதையும் கண்டுபிடித்துவிடுங்கள். எண்ணைப் பெருக்குவது எளிது, விளையாட்டைப் பெருக்குவதுதான் கடினம்! விளம்பரத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பொருளுக்கு வருகிறேன். அது துப்பாக்கி. வாத்து வேட்டை விளையாட்டுக்கென்று இந்தப் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி கிடைக்கும். திரையில் பறக்கும் வாத்தை நோக்கி விசையை அழுத்தினால் வாத்து விழும். துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் புறப்பட்டு டிவியைத் தாக்குகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மை நேர்மாறானது. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் குழல் முனையில் ஒரு வில்லையும் அதன் பின்னால் ஓர் ஒளியுணர்வியும் மட்டுமே இருக்கின்றன. அது சுடும் கருவி அன்று, பார்க்கும் கருவி!

நீங்கள் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுவதும் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். நம் நாட்டு டிவி முறையில் ஒரு நொடிக்கு 50 முறை திரை வரையப்படுகிறது. எனவே ஒவ்வொரு கணமும் 20 மில்லி நொடிதான், கண்ணுக்கு ஒரு சிமிட்டல்போலத் தோன்றும். கறுப்பின்போது ஒளியில்லை, வெள்ளையின்போது ஒளி உண்டு என்று உணர்வி சொன்னால், குழல் வாத்தை நோக்கித்தான் இருந்தது என்று பெட்டி முடிவு செய்கிறது. கறுப்பு எதற்கு? துப்பாக்கியை வீட்டு மின்விளக்குக்கு நேரே பிடித்து ஏமாற்றக்கூடாது அல்லவா, அதற்காக! இரண்டு வாத்துகள் இருந்தால் முதலில் ஒன்றுக்கு வெள்ளைக் கட்டம், அடுத்த 20 மில்லி நொடியில் மற்றதற்கு. எந்தக் கணத்தில் ஒளி வந்தது என்பதைக் கொண்டே எந்த வாத்து என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இன்றைய தட்டையான டிவிக்கு முன்னால் நின்று சுடுங்கள். ஒரு வாத்தும் விழாது. ஏன்? பழைய டிவியில் எலக்ட்ரான் கற்றை ஒன்று காந்தப் புலத்தால் வளைக்கப்பட்டு, திரையில் கோடு கோடாக ஒரு நொடிக்கு 15,625 கோடுகளை வரைந்தது. 1897இல் ஜே. ஜே. தாம்சன் ஆராய்ந்த அதே எலக்ட்ரான் கற்றைதான். கற்றை பட்ட இடம் பளிச்சென்று ஒளிர்ந்து உடனே மங்கும். இந்தத் துடிப்பைத்தான் துப்பாக்கியின் மின்சுற்று எதிர்பார்க்கிறது. தட்டை டிவியில் கற்றையும் இல்லை, துடிப்பும் இல்லை. அதோடு அந்த டிவி வரும் படத்தை முதலில் எண்களாக்கிச் சீர்செய்த பிறகே காட்டுவதால் தாமதமும் ஆகிறது. பெட்டி விடை கேட்கும் கணத்தில் வெள்ளைக் கட்டம் திரைக்கே வந்திருக்காது.

கைப்பேசியில் இதே வாத்து வேட்டையை விரலால் தொட்டு ஆடலாம். வாத்து விழும். ஆனால் நான் மேலே எழுதிய எதுவும் அதில் இல்லை. விளையாட்டு அப்படியே இருக்க, அதற்குள் இருந்த இயற்பியல் மட்டும் காணாமல் போய்விடுகிறது. பழைய பெட்டியையும், துப்பாக்கியையும், கனத்த பழைய டிவியையும் சேர்த்து வைத்திருப்பவரிடம் மட்டுமே அந்தச் சோதனை உயிரோடு இருக்கிறது. என் கட்சிக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இசையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் திரை நொடிக்கு 60 முறை வரையப்படுகிறது. பல விளையாட்டுகளில் இசை, திரைக் கணக்கைக் கொண்டே அடுத்த சுரத்துக்கு நகரும். நம் 50 முறை டிவிக்கென்று மாற்றப்பட்ட நகல் பெட்டியில் அதே பாட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஆனால் சுருதி இறங்காது! ஏனென்றால் சுருதியைத் தருவது செயலியின் கடிகாரம். அட்டையில் உள்ள வெள்ளி நிறப் படிகத்தின் மேல் 26.601712 என்று மெகாஹெர்ட்ஸ் அளவு பொறித்திருக்கும். அதை 15ஆல் வகுத்தால் 1.773. ஜப்பானியப் பெட்டியில் 21.477272 என்ற படிகம். அதை 12ஆல் வகுத்தால் 1.790. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே? தாளம் தளர்ந்து சுருதி நிற்பதன் காரணம் இந்த இரண்டு வகுத்தல்களில் இருக்கிறது. ஐரோப்பாவில் விற்ற அசல் பெட்டியோ இதே படிகத்தை 16ஆல் வகுத்தது. அங்கே என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது எங்கள் ஊருக்கே உரிய ஒரு சங்கதி. தூத்துக்குடியில் எதுவும் துருப்பிடிக்கும். சைக்கிள், சன்னல் கம்பி, மின்விசிறி எதுவும் தப்பாது. கேசட்டும் அப்படியே. கடற்காற்று கொண்டுவரும் உப்புத்துகள் அந்த 60 பற்களின் மேல் படிகிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 விழுக்காடே போதும். உப்பளத்தில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள், நன்றாகக் கழுவாத உப்பு மூட்டை ஏன் கசிகிறது என்று சொல்வார்கள். அந்தக் கசிவுதான் கேசட்டின் பல்லில் மின்பகுளியாகிறது. மேலே பூசிய தங்கமோ வேறு உலோகமோ மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே கரைசல் உள்ளே இறங்கிச் செம்பைத் தின்று பச்சைக் களிம்பாக்குகிறது. மதுரையில் கிடந்த கேசட்டையும் தூத்துக்குடியில் கிடந்த கேசட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கைக்கண்ணாடியால் பாருங்கள். எது எந்த ஊர் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? இதை வேதியியல் ஆசிரியரிடம் ஒரு செய்முறைத் திட்டமாகவே கொண்டு போகலாம்.

கேசட் ஓடவில்லையென்றால் வாயால் ஊதுவது அந்தக் காலத்து வைத்தியம். ஊதியதும் ஓடியது உண்மைதான். ஆனால் ஓடியதற்குக் காரணம் பெரும்பாலும் மூச்சு அன்று, கழற்றித் திரும்பச் செருகியதில் பற்கள் உரசிப் புதுத் தொடுகை கிடைத்ததுதான். மூச்சில் இருக்கும் ஈரம் களிம்பை வளர்க்கவே செய்யும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கண்டிப்பாக ஓர் எச்சரிக்கை: மின்னிணைப்பு இல்லாத விளையாட்டுப் பெட்டியையும் கேசட்டையும் மட்டுமே திறக்கலாம். பழைய டிவியின் பின்மூடியைத் தொடவே கூடாது. அதன் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம், நிறுத்திய பின்னும் தங்கியிருக்கும்.

சேகரிப்பதிலும் இரண்டு வகை உண்டு. 2021 ஆகஸ்டில், உறை பிரிக்காத ஒரு சூப்பர் மரியோ கேசட் அமெரிக்காவில் 20 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, மதிப்பெண் போட்டு முத்திரையிட்டு வைத்திருக்கிறார்கள். இனி அதை யாரும் திறக்கப்போவதில்லை. திறந்தால் விலை போய்விடும்! அட்டைப்பெட்டியும் அச்சும் கெடாமல் நிற்குமே என்று அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாரில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று அறிய, முதலில் மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்பை அறிவிப்பார்கள். மாதிரியைத் திறந்து பார்க்காமல் குளிப்பு தொடங்கியதில்லை. அந்தக் குளிப்பும் 1961உடன் நின்றுவிட்டது, அது வேறு கதை. நீங்கள் 20 ரூபாய்க்கு வாங்கித் திறந்து படித்த கேசட், அந்த 20 லட்சம் டாலர் கேசட்டைவிட அதிகம் பேசும். அதிக விலை கேட்டால் வாங்காதீர்கள். காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும்.

காத்திருக்கலாம் என்றாலும் நெடுநாள் காத்திருக்க முடியாது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான வீடியோ விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு ஆராய்ந்து அறிவித்தது. எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கும் நாட்டிலேயே இந்த நிலை. நம் வீட்டுப் பெட்டிகளோ நகல்கள். அவற்றில் பலவற்றில் செய்தவர் பெயரும் கிடையாது, ஆண்டும் கிடையாது. உரிமை பெறாமல் செய்த நகல் தவறுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தியச் சிறுவர்களில் மிகப்பலர் முதன்முதலில் தொட்ட கணிப்பொறி அந்த நகல்தான் என்பதும் மறைக்கக் கூடாத செய்தி. அசலுக்கு ஜப்பானில் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. நகலுக்கு யார் எழுதுவார்கள்?

குப்பை என்று ஒதுக்காதீர்கள். 1983இல் அட்டாரி நிறுவனம் விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகார்டோ குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டி 1,300 அளவில் வெளியே எடுத்தார்கள். அவற்றில் ஒன்று இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. நம் கொற்கையில் மட்டும் என்ன? அங்கே தோண்டியவர்கள் படித்தறிந்ததில் பெரும்பகுதி, அந்தக் காலத்தவர் உடைத்துப் போட்ட பானையோடும் தின்று எறிந்த சிப்பியும்தானே!

எனவே பெட்டியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கிடைத்தது, யார் எந்த ஆண்டு எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள், எந்தத் தெருக் கடையில் ஆடினார்கள், அந்தக் கடை இப்போது என்னவாக இருக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் அத்தையையும் சித்தப்பாவையும் கேளுங்கள். பெட்டி பிறகும் கிடைக்கும், அவர்களின் நினைவு அப்படியன்று.

பெட்டியின் பிறந்த நாளை அறிய ஒரு வழி உண்டு. கால் முளைத்த சில்லின் முதுகைக் கைக்கண்ணாடியால் பாருங்கள். நீண்ட எழுத்து வரிசைக்குக் கீழே தனியாக நான்கு இலக்கங்கள் இருந்தால், பெரும்பாலும் முதல் இரண்டும் ஆண்டு, அடுத்த இரண்டும் அந்த ஆண்டின் வாரம். 9214 என்றிருந்தால் 1992ஆம் ஆண்டின் 14ஆம் வாரம், அதாவது மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கம். சித்தப்பா அதை எந்தத் தீபாவளிக்கு வாங்கினார் என்று கேட்டுக் கழித்துப் பாருங்கள். ஒரு சில்லு தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டுத் தூத்துக்குடித் தெருவுக்கு வந்துசேர எத்தனை வாரம் ஆனது என்று தெரிந்துவிடும்.